கட்டமைப்பு உறுப்புகளைச் சுட்டுவழி அணுகுதல்: மேல்விஷாரம் வட்டாரத் தோல் பதனிடு தொழிலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

சி மொழியில் ஒரு கட்டமைப்பின் உறுப்புகளை அணுகப் புள்ளிக்குறி, அம்புக்குறி என இரு செயற்குறிகள் உள்ளன. அம்புக்குறி வெறும் எழுத்துச் சுருக்கம் என்ற விளக்கமே வகுப்பறைகளில் பெரிதும் வழங்குகிறது. அவ்விளக்கம் இலக்கண அளவில் சரியானது. பயன்பாட்டு அளவில் போதாதது. நிரலர் தம் கையில் வைத்திருப்பது மூலப் பொருளையா, அதன் படியையா என்னும் வினாவே இரு குறிகளுக்கும் பின்னால் நிற்கிறது. இதனைத் தோல் பதனிடு தொழிலின் லாட் கணக்கு, நன்னூலின் பகுபத உறுப்புகள், திரையில் தமிழ் எழுத்துகளை வரையும் மென்பொருள்கள் ஆகிய மூன்று களங்களில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சுட்டு, கட்டமைப்பு, உறுப்பு, படி, முகவரி, பகுபதம், எழுத்துரு, மேல்விஷாரம்

முன்னுரை

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆர்க்காட்டுக்கும் வேலூருக்கும் இடையே பாலாற்றை ஒட்டி அமைந்த ஊர் மேல்விஷாரம். 2019இல் உருவான இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழும் உருதும் வழங்கும் இவ்வூருக்கு இரு அடையாளங்கள் உண்டு. ஒன்று, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என நீளும் தோல் பதனிடு வட்டாரத்தில் அது பெற்றுள்ள இடம். மற்றொன்று கல்வி. சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இலும் அதே பெயரிலான பொறியியல் கல்லூரி 1998இலும் இங்குத் தொடங்கப்பெற்றன. டேனரிகளில் வேலை பார்க்கும் குடும்பங்களின் பிள்ளைகள் கணினி நிரலாக்கம் பயிலும் ஊர் இது. எனினும், அவர்களின் பாடநூலில் வரும் எடுத்துக்காட்டுகள் மாணவர் பெயர், வரிசை எண், மதிப்பெண் என்ற வட்டத்தைத் தாண்டுவதில்லை.

மதிப்பெண் எடுத்துக்காட்டில் ஒரு குறை உண்டு. மதிப்பெண் ஒருமுறை பதிந்தால் பெரும்பாலும் மாறாது. ஆகவே அதன் படியைப் படித்தாலும் மூலத்தைப் படித்தாலும் விடை ஒன்றே. சுட்டு எதற்கு என்ற வினா மாணவருக்கு எழ வாய்ப்பே இல்லாமற் போகிறது. தோலின் கதை வேறு. டேனரிக்குள் நுழைந்த நாள் முதல் வெளியேறும் நாள் வரை அதன் எடை மாறிக்கொண்டே இருக்கும். அந்த எடையைக் கொண்டே அடுத்த படிநிலைக்கான வேதிப்பொருளின் அளவு கணிக்கப்பெறும். மாற்றம் உரிய இடத்தில் பதியாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்ணெதிரே காட்டவல்ல எடுத்துக்காட்டு இது.

கட்டமைப்பும் உறுப்பும்

ஒரே தரவினத்தைச் சார்ந்த பல மதிப்புகளை வரிசை எண்ணால் அறிவது அணி. வெவ்வேறு தரவினங்களைச் சார்ந்த மதிப்புகளை ஒரே பெயரின்கீழ்த் தொகுத்து, ஒவ்வொன்றையும் தனிப்பெயரால் அறிவது கட்டமைப்பு. அதன் பகுதிகளுக்கு ‘உறுப்பு’ என்ற சொல் மிகப் பொருந்துகிறது. நன்னூல் பகுபதத்தின் உறுப்புகளாகப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்னும் ஆறனைக் கூறும். இவை வெறும் வரிசை அல்ல. ஒவ்வொன்றும் தனித்தன்மையும் தனிப்பெயரும் உடையது. ‘மூன்றாம் உறுப்பு’ என்று எவரும் சொல்வதில்லை, ‘இடைநிலை’ என்றே சொல்கிறோம். கட்டமைப்பின் உறுப்பும் அவ்வாறே பெயரால் அறியப்படுவது.

ஒரு லாட் தோலைக் குறிக்கும் கட்டமைப்பைப் பின்வருமாறு அறிவிக்கலாம். மாறிகளுக்கும் உறுப்புகளுக்கும் தமிழ்ப்பெயர் இடுவதற்கு 1999ஆம் ஆண்டின் சி தர வரையறையே இடமளித்துவிட்டது. ஜிசிசி நிரல்பெயர்ப்பி 2020இல் வெளிவந்த தன் 10ஆம் பதிப்பிலிருந்து அவற்றை நேரடியாக ஏற்கிறது. மொழியின் திறவுச்சொற்கள் மட்டும் உரோம எழுத்தில் அமைய வேண்டும். இக்கட்டுரையில் படிப்பு எளிமை கருதி அவையும் ஒலிபெயர்த்துத் தரப்படுகின்றன.

ஸ்ட்ரக்ட் லாட் {
  இன்ட் எண்;
  சார் படிநிலை;
  டபுள் எடை;
  இன்ட் தோல்கள்;
};

‘ஸ்ட்ரக்ட் லாட் ல;’ என்று ஒரு மாறியை அறிவித்தால், ‘ல.எடை’ என்பது அந்த லாட்டின் எடை. புள்ளிக்குறியின் இடப்பக்கம் கட்டமைப்பு நிற்கிறது, வலப்பக்கம் உறுப்பின் பெயர் நிற்கிறது.

நினைவகத்தில் இவ்வுறுப்புகள் எவ்வாறு அமர்கின்றன என்பதை அறிந்தால் சுட்டின் செயல் தெளிவாகும். இன்று பரவலாக உள்ள 64 பிட் கணினி ஒன்றில் ‘ல’ என்னும் கட்டமைப்பு 5000 என்ற முகவரியில் தொடங்குவதாகக் கொள்வோம். ‘எண்’ 4 பைட் கொள்ளும், ஆகவே 5000 முதல் 5003 வரை. ‘படிநிலை’ ஒரே பைட், 5004இல். அடுத்த ‘எடை’ 8 பைட் கொள்வது. 8ஆல் வகுபடும் முகவரியில்தான் அது அமர்த்தப்படும். ஆகவே 5005, 5006, 5007 ஆகிய மூன்று பைட்டுகள் வெற்றிடமாக விடப்பட்டு, எடை 5008இல் தொடங்கும். ‘தோல்கள்’ 5016இல் தொடங்கி 5019இல் முடியும். ஈற்றில் மேலும் 4 பைட் நிரப்பிடமாகச் சேரக் கட்டமைப்பின் மொத்த அளவு 24 பைட் ஆகிறது. உறுப்புகளின் அளவை மட்டும் கூட்டினால் 17தான் வரும். இவ்வேறுபாட்டை அறியாமல் கோப்பில் எழுதிய பதிவுகளை வேறொரு கணினியில் படிக்க முயன்று குழம்புவோர் உண்டு.

இங்கு நோக்கத்தக்கது ஒன்று. எடை எப்போதும் தொடக்கத்திலிருந்து 8 பைட் தள்ளியே இருக்கும். இத்தொலைவு நிரல்பெயர்ப்பின்போதே முடிவாகிவிடுகிறது. ஆகவே கட்டமைப்பின் தொடக்க முகவரி ஒன்று தெரிந்தால் போதும், எந்த உறுப்பையும் ஒரு கூட்டல் கணக்கால் அடைந்துவிடலாம். சுட்டுவழி அணுகல் முழுமையும் இந்தக் கூட்டலின்மேல்தான் நிற்கிறது.

சுட்டு என்னும் கலைச்சொல்

ஒரு பொருளின் முகவரியைத் தன் மதிப்பாகக் கொண்டிருக்கும் மாறியைச் ‘சுட்டி’ என்று வழங்குவோர் பலர். ஆனால் கணினித் தமிழில் மவுஸ் என்னும் கருவிக்கும் அதே பெயர் வழங்குகிறது. ‘சுட்டியை நகர்த்துக’ என்று எழுதினால், கையில் உள்ள கருவியை நகர்த்துவதா, முகவரியை ஒன்று கூட்டுவதா என்ற ஐயம் எழும். ‘சுட்டு’ என்பதே தக்க சொல் என்று இக்கட்டுரை கொள்கிறது. அச்சொல்லுக்கு நம் இலக்கண மரபில் நெடிய பொருள் வரலாறும் இருக்கிறது.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒரே பொருள்மேல் வருமிடத்து, இயற்பெயர் முன்னும் சுட்டுப்பெயர் பின்னும் வரவேண்டும் என விதிக்கிறது. ‘சுலைமான் லாட்டை இறக்கினான், அவனுக்குக் கூலி கொடு’ என்பது முறை. யார் என்று சொல்லாமல் ‘அவனுக்குக் கூலி கொடு’ என்று தொடங்கினால் கேட்பவர் திகைப்பார். செய்யுளில் மட்டும் சுட்டு முற்பட வருதலுக்கு இலக்கணம் இடம் தருகிறது. சி மொழியில் அவ்விலக்கும் இல்லை. ‘ஸ்ட்ரக்ட் லாட் *சு;’ என்று அறிவித்தவுடன் சு எதையும் சுட்டுவதில்லை. செயற்கூறு ஒன்றினுள் அறிவிக்கப்பெற்றதாயின், அதில் முன்பு அவ்விடத்தில் கிடந்த ஏதோ ஓர் எண்ணே இருக்கும். ‘சு = &ல;’ என்று முகவரியைத் தந்த பின்னரே அது சுட்டாகிறது. இவ்வரியை மறந்து உறுப்பை அணுகுவது, இயற்பெயர் கூறாமல் சுட்டுப்பெயர் கூறுவதற்கு ஒப்பானது. திகைப்பதற்கு மாறாகக் கணினி ஏதோ ஓர் ‘அவனுக்கு’க் கூலியைக் கொடுத்துவிடுவதும் உண்டு. அதுவே இப்பிழையின் கொடுமை.

புள்ளியும் அம்பும்

சு என்பது முகவரி. *சு என்பது அம்முகவரியில் உள்ள கட்டமைப்பு. அப்படியாயின் *சு.எடை என்று எழுதினால் எடை கிடைக்க வேண்டுமே என்று மாணவர் எண்ணுவது இயல்பு. ஆயின் நிரல்பெயர்ப்பி அதனை ஏற்காது. புள்ளிக்குறி உடுக்குறியைவிட இறுகப் பற்றும் தன்மையது. ஆதலின் அத்தொடர் *(சு.எடை) என்றே பொருள்படும். சு கட்டமைப்பு அன்று, முகவரி. முகவரிக்கு உறுப்புகள் இல்லை. எனவே அடைப்பிட்டு எழுத வேண்டும்:

(*சு).எடை

இதனையே சுருக்கி, கழித்தல் குறியையும் பெரிது என்னும் குறியையும் அடுத்தடுத்து இட்டு அமைத்த அம்புக்குறியால் எழுதுகிறோம்:

சு->எடை

இரண்டும் ஒரே பொருளன. இரண்டிலும் நிகழ்வது, சு கொண்டுள்ள 5000உடன் 8ஐக் கூட்டி 5008ஐ அடைவதே. அம்புக்குறியும் புள்ளிக்குறியைப் போலவே இறுகப் பற்றுவது. ஆகவே ++சு->தோல்கள் என்பது சுட்டை நகர்த்தாது, தோல்களின் எண்ணிக்கையை ஒன்று கூட்டும்.

பாடநூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றன. ‘மாறியாயின் புள்ளி, சுட்டாயின் அம்பு’ என்ற மனப்பாட விதியோடு மாணவர் வெளியேறுகிறார். தவறு செய்தால் நிரல்பெயர்ப்பியே திருத்திவிடும் என்பதால் இவ்விதி தேர்வுக்குப் போதும். நிரல்பெயர்ப்பி திருத்தாத பிழை ஒன்று உண்டு. இரு குறிகளின் உண்மையான வேறுபாடு அங்கேதான் வெளிப்படுகிறது.

உப்பிட்டு வந்த பச்சைத் தோல் முதலில் நீரில் ஊறவைக்கப்படுகிறது. பின்னர்ச் சுண்ணாம்பிடல், மயிர் நீக்கல், சதை நீக்கல் ஆகியன நிகழ்கின்றன. இவற்றின் முடிவில் தோல் மீண்டும் எடை போடப்படுகிறது. அடுத்து வரும் குரோமியப் பதனீட்டில் டிரம்மில் இடவேண்டிய குரோமிய உப்பின் அளவு, இப்புதிய எடையின் விழுக்காடாகவே கணிக்கப்பெறும். வந்த எடை 1000 கிலோ, சதை நீக்கிய பின் எடை 1100 கிலோ, உப்பின் அளவு 8 விழுக்காடு என எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். எடையைத் திருத்த ஒரு செயற்கூறு இவ்வாறு எழுதப்படுகிறது:

வாய்டு எடைதிருத்து(ஸ்ட்ரக்ட் லாட் ப, டபுள் புதிது)
{
  ப.எடை = புதிது;
}

எடைதிருத்து(ல, 1100);

இதில் எழுத்துப்பிழை இல்லை, தரவினப் பிழை இல்லை; நிரல்பெயர்ப்பி ஒரு சொல்லும் சொல்லாது. ஆனால் ல.எடை 1000 ஆகவே இருக்கும். சி மொழியில் செயற்கூற்றுக்குத் தரப்படும் எதுவும் படியெடுத்தே தரப்படுகிறது. ல என்பதன் 24 பைட்டுகளும் ப என்னும் புதிய இடத்தில் படியாயின. எடை அந்தப் படியில் திருத்தப்பட்டது. செயற்கூறு முடிந்தவுடன் படி மறைந்தது. லாட்டோடு கட்டிய அட்டையை விட்டுவிட்டு, அதன் நகலில் புதிய எடையை எழுதிக் கிழித்தெறிந்ததற்கு ஒப்பானது இது. அடுத்து உப்பைக் கணிக்கும் செயற்கூறு 88 கிலோவுக்கு மாறாக 80 கிலோ என்று விடை தரும். உப்புக் குறைந்தால் தோலின் நடுப்பகுதி சரியாகப் பதப்படாமல் போக இடமுண்டு. எடை கூடுவதற்கு மாறாகக் குறைந்திருந்தால் தவறு எதிர்த்திசையில் நிகழும். தோல் ஏற்காத மிகை உப்பு கழிவுநீரில் சேரும். வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் 1996 ஆகஸ்டு 28இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த காலந்தொட்டு, கழிவுநீரில் என்ன கலக்கிறது என்பது இவ்வட்டாரத்தில் ஒவ்வொரு டேனரியும் விடை சொல்ல வேண்டிய வினா.

சுட்டுவழி எழுதினால்:

வாய்டு எடைதிருத்து(ஸ்ட்ரக்ட் லாட் *சு, டபுள் புதிது)
{
  சு->எடை = புதிது;
}

எடைதிருத்து(&ல, 1100);

இங்கும் படியெடுத்தல் நிகழ்கிறது. ஆனால் படியாவது முகவரி மட்டுமே. 5000 என்பதன் படியும் 5000தான். அதனோடு 8ஐக் கூட்டினால் மூலத்தின் எடையே கிடைக்கும். சுட்டு படியாயினும் சுட்டப்படுவது ஒன்றே. ஆக, அம்புக்குறியைக் காணும்போது ‘இவ்வெழுத்துச் செயற்கூற்றுக்கு வெளியேயும் பலிக்கும்’ என்றும், அளபுருவின்மேல் புள்ளிக்குறியைக் காணும்போது ‘இது இங்கேயே முடியும்’ என்றும் வாசிக்கப் பழகுவதே தேவை. பார்க்க மட்டும் வேண்டும், திருத்தலாகாது எனின் சுட்டின் அறிவிப்பில் ‘கான்ஸ்ட்’ என்ற திறவுச்சொல்லைச் சேர்த்தால் போதும். படியெடுக்கும் செலவும் இல்லை, மூலம் கெடும் அச்சமும் இல்லை.

அம்புக்குறியின் முன்வரலாறு

அம்புக்குறி சுருக்கெழுத்தாகப் பிறந்ததா என்று வினவினால் வரலாறு வேறு விடை தருகிறது. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய சி மொழியில், கட்டமைப்பு 1973 அளவில் சேர்ந்தது. அக்காலத்தில் அம்புக்குறியின் இடப்பக்கம் நிற்பது எந்தக் கட்டமைப்பின் சுட்டு என்று நிரல்பெயர்ப்பி வினவவில்லை. அது எந்த எண்ணாயினும் முகவரியாகக் கொள்ளப்பட்டு, உறுப்பின் தொலைவு அதனோடு கூட்டப்பட்டது. யூனிக்ஸின் 6ஆம் பதிப்பில் கருவிகளின் பதிவக முகவரிகளை வெறும் எண்ணாக எழுதி, அதன்மேல் அம்புக்குறியை இட்டு உறுப்பை அணுகியிருத்தலைக் காணலாம். அம்பு அன்று முகவரிக்கணக்கின் குறியாகவே இருந்தது.

இதனால் ஒரு விளைவு ஏற்பட்டது. உறுப்புப் பெயர்கள் எல்லாக் கட்டமைப்புகளுக்கும் பொதுவான ஒரே தொகுப்பில் இருந்தன. இரு கட்டமைப்புகளில் ஒரே பெயர் வெவ்வேறு தொலைவில் வருதல் கூடாது. அக்காரணத்தால் ஒவ்வொரு கட்டமைப்பின் உறுப்புகளுக்கும் ஒரு முன்னொட்டு இடும் வழக்கம் எழுந்தது. நாள், நேரம் குறிக்கும் கட்டமைப்பின் உறுப்புகள் யாவும் இன்றும் ‘டிஎம்’ என்ற முன்னொட்டுடன் வருவது அவ்வழக்கத்தின் எச்சமே. தேவை ஒழிந்தபின்னும் பெயர் நிலைத்துவிட்டது.

கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி மொழி நூலின் 1978ஆம் ஆண்டு முதற்பதிப்பில், கட்டமைப்பு ஒன்றின்மேல் செய்யத்தக்க செயல்கள் இரண்டே: அதன் முகவரியை எடுத்தல், அதன் உறுப்பை அணுகுதல். முழுக் கட்டமைப்பை மற்றொன்றுக்கு ஒப்படைக்கவோ செயற்கூற்றுக்கு அனுப்பவோ இயலாது. அவ்வரையறை விரைவில் நீங்கும் என்ற குறிப்பும் அந்நூலில் உண்டு. நீங்கவும் செய்தது, 1989ஆம் ஆண்டின் அமெரிக்கத் தர வரையறை அச்செயல்களை முறைப்படி ஏற்றது. இதன்படி, படி–மூலம் என்ற குழப்பமே முதற்பதிப்பின் வாசகருக்கு எழுந்திராது; சுட்டு ஒன்றே வழியாக இருந்தது. மேலே காட்டிய பிழையான செயற்கூறு அம்மொழிநிலையில் நிரல்பெயர்ப்பியைத் தாண்டியிராது. வசதி ஒன்று சேர்ந்தபோது பிழைக்கும் ஒரு புதிய வாயில் திறந்தது என்று கருத இடமுண்டு.

சுட்டும் இன்மையும்

கட்டமைப்பின் உறுப்பே மற்றொரு கட்டமைப்பைச் சுட்டும் சுட்டாக அமையலாம். தமிழ்ச் சொற்களைப் பகுத்தாயும் நிரல்களில் இவ்வமைப்பு பெரிதும் பயன்படும். பகுபதம் ஒன்றைக் கட்டமைப்பாகக் கொண்டால் அதன் ஆறு உறுப்புகளும் ஆறு சுட்டுகள். ஒவ்வொன்றும் ஓர் உருபைச் சுட்டும். ‘நடந்தனன்’ என்னும் சொல் நட + த் (ந்) + த் + அன் + அன் எனப் பிரிந்து ஆறு உறுப்புகளையும் கொண்டு நிற்கிறது. ‘சொல்’ என்னும் சுட்டு அதனைச் சுட்டுமாயின்,

சொல்->சாரியை->வடிவம்

என்பது ‘அன்’ என்னும் விடையைத் தரும். முதல் அம்பு பகுபதத்தினுள் சாரியை உறுப்பை அடைகிறது. அங்குள்ள முகவரியைப் பற்றி இரண்டாம் அம்பு உருபின் வடிவத்தை அடைகிறது. அம்புகள் இடமிருந்து வலமாகவே பற்றும், அடைப்புகள் வேண்டா.

இதே வரியைச் ‘செய்தான்’ என்னும் சொல்லுக்கு இயக்கினால் நிரல் முறிந்துவிழும். செய் + த் + ஆன் என்ற அப்பகுப்பில் சந்தி இல்லை, சாரியை இல்லை, விகாரமும் இல்லை. இல்லாத உறுப்பின் சுட்டுக்கு ‘நல்’ எனப்படும் இன்மை மதிப்பு இடுவதே மரபு. இன்மையைச் சுட்டும் சுட்டின்மேல் அம்பை எய்தால் சென்றடைய இடம் இல்லை. ஆகவே,

சொல்->சாரியை && சொல்->சாரியை->நீளம் > 0

என்று முதலில் உண்மையை வினவி, பின்னரே அணுக வேண்டும். இடப்பக்க வினா பொய்யாயின் வலப்பக்கம் கணிக்கப்படவே மாட்டாது என்பது மொழியின் உறுதி. பகுப்பாய்வு நிரல் எழுதுவோர் ஆறு உறுப்பும் நிறைந்த சொற்களையே சோதனைக்கு எடுத்துக்கொண்டால் இக்குறை வெளிப்படாது. பகுதியும் விகுதியும் அன்றி ஏனையவை எல்லாச் சொற்களிலும் வருவன அல்ல என்ற இலக்கண அறிவே இங்கு நிரலைக் காக்கிறது. மொழியாசிரியர் ஒருவர் சோதனைச் சொற்பட்டியலைத் தயாரித்தால் நிரலர் காணாத பிழைகள் பல முன்கூட்டியே அகப்படும்.

ஊர்ப்பெயரைத் திரையில் வரைதல்

சுட்டுவழி அணுகல் தமிழுக்கு மிக அண்மையில் நிகழும் இடம் எழுத்து வரையும் மென்பொருள்களே. ‘மேல்விஷாரம்’ என்னும் பெயரில் தமிழ்க் கணக்கில் எழுத்துகள் ஆறு: மே, ல், வி, ஷா, ர, ம். ஒருங்குறியில் குறியீடுகள் 11. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் கொள்வதால் மொத்தம் 33 பைட். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு முதலியவற்றில் இக்குறியீடுகளை எழுத்துருவின் வடிவங்களாக மாற்றித்தருவது ஹார்ஃப்பஸ் என்னும் திறமூல நூலகம். அதனிடம் சொல்லைத் தந்தால், வடிவத் தகவல் கட்டமைப்புகளின் அணி ஒன்றைச் சுட்டும் சுட்டு கிடைக்கும். உறுப்புகளின் பெயர்களைத் தமிழாக்கிக் கூறின், வடிவ எண் ஓர் உறுப்பு, அவ்வடிவம் மூலச் சொல்லின் எப்பைட்டில் தொடங்கும் பகுதிக்குரியது எனக் காட்டும் ‘தொகுதி’ மற்றோர் உறுப்பு.

தகவல்[2].தொகுதி
(தகவல் + 2)->தொகுதி

இவ்விரு வரிகளும் ஒன்றே. அணியின் சதுர அடைப்பு முகவரிக்கணக்கையும் உடுக்குறியின் வேலையையும் சேர்த்தே செய்துவிடுகிறது. ஆதலால் அங்கு எஞ்சுவது கட்டமைப்பு, அதற்குப் புள்ளியே உரியது. இங்குப் புள்ளிக்குறி படியின் அடையாளமும் அன்று; அணியில் உள்ள மூலத்தையே அது அணுகுகிறது. ‘புள்ளி என்றால் படி’ என்று புதிய மனப்பாட விதி ஒன்றைச் செய்துகொள்வோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். இடப்பக்கம் நிற்பது எங்கிருந்து வந்தது என்பதையே பார்க்க வேண்டும்.

‘மே’ என்பதன் குறியீடுகள் பதின்ம எண்ணில் 2990, 3015 என்ற வரிசையில் சேமிக்கப்படுகின்றன; மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும். திரையிலோ ஒற்றைக்கொம்பின் நெடில் வடிவம் முன்னே வர வேண்டும். ஹார்ஃப்பஸ் இவ்விடமாற்றத்தைச் செய்து, இரு வடிவங்களுக்கும் ஒரே தொகுதி மதிப்பாக 0ஐத் தரும். இயல்பு அமைப்பில் பெயர் முழுமைக்கும் கிடைக்கும் தொகுதி மதிப்புகள் 0, 6, 12, 18, 24, 27 என ஆறு. ஆறு எழுத்துக்கு ஆறு தொகுதி. 33 பைட் என்று எண்ணும் நிரலுக்கும் ஆறு எழுத்து என்று எண்ணும் இலக்கணத்துக்கும் இடையிலான பாலம், ஒரு கட்டமைப்பின் ஓர் உறுப்பில் இருக்கிறது. (க்ஷ போன்றவை இக்கணக்குக்குத் தனியே நோக்கத்தக்கன.)

அச்சுட்டுக்கு ஓர் ஆயுள் உண்டு. அணி நூலகத்துக்குச் சொந்தமானது; சொல்லை வைத்திருக்கும் இடையகம் மாற்றப்படாதவரைதான் சுட்டு செல்லும். அடுத்த ஊர்ப்பெயரை அதே இடையகத்தில் இட்டபின் பழைய சுட்டில் அம்பெய்வது, லாட் வெளியேறிய பின்பும் பழைய டிரம் எண்ணைச் சொல்லித் தேடுவது போன்றது.

வடிவங்களைப் புள்ளிப்படமாக வரைந்துதரும் ஃபிரீடைப் நூலகத்தில் இது இன்னும் கூர்மையாக வெளிப்படும். அங்கு ஓர் எழுத்துமுகத்தைச் சுட்டும் சுட்டிலிருந்து படத்தின் அகலத்தை அடையும் தொடர், பெயர்களைத் தமிழாக்கினால் இவ்வாறு அமையும்:

முகம்->வடிவிடம்->படம்.அகலம்

இரண்டு அம்பு, பின் ஒரு புள்ளி. முகம் ஒரு சுட்டு. அதன் உறுப்பாகிய வடிவிடமும் ஒரு சுட்டு. படமோ வடிவிடத்தினுள்ளேயே பதிந்திருக்கும் கட்டமைப்பு. ஆகவே கடைசியில் புள்ளி. ஒரு வரியைக் கொண்டே எது உள்ளே இருக்கிறது, எது வெளியே இருந்து சுட்டப்படுகிறது என்று வாசித்துவிடலாம். வடிவிடம் எழுத்துமுகம் ஒன்றுக்கு ஒன்றே. ஒவ்வொரு வடிவத்தை ஏற்றும்போதும் முந்தையது அழிக்கப்பட்டு அதே இடத்தில் புதியது எழுதப்படுகிறது. பெயரின் எல்லா வடிவங்களையும் முதலில் ஏற்றி, ஒவ்வொரு முறையும் முகம்->வடிவிடம் என்ற சுட்டை ஓர் அணியில் சேர்த்து, இறுதியில் மொத்தமாக வரையலாம் என்று எண்ணுபவர் திரையில் காண்பது ‘மேல்விஷாரம்’ அன்று. கடைசியாக ஏற்றிய வடிவமே திரும்பத் திரும்ப வரும். அணியில் உள்ள சுட்டுகள் அனைத்தும் ஒரே முகவரி.

இங்கே வேண்டியது சுட்டு அன்று, படி. டேனரிக் கணக்கில் பிழையாக இருந்ததே இவ்விடத்தில் தேவையாகிறது. ஆயின் படக் கட்டமைப்பை ஒப்படைப்புக் குறியால் படியெடுத்தாலும் போதாது. அகலம், உயரம் முதலிய எண்கள் படியாகும். புள்ளிகள் கிடக்கும் நினைவகப் பகுதியோ கட்டமைப்புக்கு வெளியே உள்ளது, உள்ளே இருப்பது அதன் சுட்டு மட்டுமே. படியான சுட்டும் பழைய இடத்தையே சுட்டும். அடுத்த வடிவத்தை ஏற்றினால் அவ்விடத்தின் நிலை மாறிவிடும். இதனால்தான் சுட்டப்படும் புள்ளிகளையும் சேர்த்துப் படியெடுப்பதற்கென்று தனிச் செயற்கூறு ஒன்றை ஃபிரீடைப் வைத்திருக்கிறது. அதற்குத் தரவேண்டியவற்றுள் மூலப் படத்தின் முகவரியும் படி சேரவேண்டிய இடத்தின் முகவரியும் அடங்கும்.